இங்கிலாந்தில் கவுன்சில் பார்க்கிங் டிக்கெட்: பணம் கட்டிவிடுவதா, எதிர்த்து எழுதுவதா?

நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொல்கிறேன். மனைவிக்கு மருத்துவமனையில் வேலை கிடைத்து, இங்கிலாந்தில் ஒரு சிறிய நகரத்துக்குக் குடிவந்திருக்கிறீர்கள். கடைத்தெருவில் சாலையோரக் கட்டண பே (கார் நிறுத்தக் குறித்துவைத்த இடம்) ஒன்றில் காரை நிறுத்திவிட்டு, போன் ஆப்பில் ஒரு மணி நேரத்துக்குப் பணம் கட்டினீர்கள். திரும்பி வந்தால் முன்கண்ணாடியில் மஞ்சள் கவர். விற்றுவிட்ட பழைய காரின் எண் ஆப்பில் அப்படியே இருந்ததால், கட்டிய பணம் அந்த எண்ணுக்குப் போய்விட்டது. டிக்கெட் 50 பவுண்டு, 14 நாளுக்குள் கட்டினால் 25. எப்படி எதிர்ப்பது என்றுதான் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கேள்விக்குள்ளே இருப்பது வேறு: எதிர்த்து எழுதினால் அந்தப் பாதிச் சலுகை போய்விடுமா, தோற்றால் தொகை எதுவரை ஏறும், இதெல்லாம் விசாவில் வந்து நிற்குமா. இந்தப் பயத்தில்தான் பலர் தங்கள் பக்கம் நியாயம் இருந்தும் 25 பவுண்டைக் கட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள்.

நான் வழக்கறிஞர் இல்லை. இந்த மாதிரி நோட்டீஸ்களைப் படித்துப் பார்த்து, பதில் எழுத உதவுவதைப் பல வருடமாகச் செய்து வருகிறேன். கீழே சொல்வது இங்கிலாந்துக்கு, அதுவும் லண்டனுக்கு வெளியே உள்ள நகரங்களுக்கு. லண்டனில் தொகைகள் அதிகம், மேல்முறையீட்டு மன்றமும் வேறு. ஸ்காட்லாந்துக்கு இதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். சட்டம் கட்டாயப்படுத்துவது எது, கவுன்சிலின் விருப்பத்துக்கு விட்டது எது என்று அந்தந்த இடத்தில் பிரித்தே சொல்கிறேன். இந்த விஷயத்தில் ஏமாற்றம் பெரும்பாலும் அந்த இரண்டையும் ஒன்றாக நினைப்பதால்தான் வருகிறது.

முதல் வேலை, கையில் இருக்கும் காகிதத்தின் தலைப்பைப் படிப்பது. ‘பெனால்ட்டி சார்ஜ் நோட்டீஸ்’ என்று இருந்து, கவுன்சிலின் பெயரும் 2004ஆம் ஆண்டு டிராஃபிக் மேனேஜ்மென்ட் சட்டத்தின் பெயரும் இருந்தால் அது கவுன்சில் டிக்கெட். ‘பார்க்கிங் சார்ஜ் நோட்டீஸ்’ என்று இருந்தால் தனியார் கம்பெனி அனுப்பியது. இரண்டுக்கும் சுருக்கம் பிசிஎன்தான். பார்வைக்கும் ஒன்றுபோலவே இருக்கும், ஆனால் போகும் பாதை முற்றிலும் வேறு. கவுன்சில் டிக்கெட்டிலும் எந்தக் கவுன்சில் என்று பாருங்கள். சிறிய நகரங்களில் தெருக்களின் கட்டுப்பாடு கவுன்ட்டி கவுன்சிலிடமும், கார் பார்க்குகள் நகர அல்லது மாவட்டக் கவுன்சிலிடமும் இருப்பது சகஜம். நகரக் கவுன்சிலுக்கு எழுதிவிட்டு மூன்று வாரம் காத்திருந்து, ‘இது எங்களுடையது இல்லை’ என்ற பதிலைப் பெறுபவர்கள் உண்டு. அதற்குள் தேதி போயிருக்கும்.

அடுத்து, டிக்கெட்டில் குற்றத்தைச் சொல்லும் இரண்டு இலக்கக் குறியீட்டு எண் ஒன்று இருக்கும். வழக்கே அதுதான். 01 என்றால் தடை நேரத்தில் மஞ்சள் கோட்டில் நிறுத்தியது, 05 என்றால் கட்டிய நேரம் முடிந்த பிறகும் நின்றது, 06 என்றால் மெஷினில் எடுத்த கட்டணச் சீட்டைக் கண்ணாடியில் தெரியும்படி வைக்காதது, 11 என்றால் பணமே கட்டாமல் நிறுத்தியது, 30 என்றால் அனுமதித்த நேரத்துக்கு மேல் நின்றது, 40 என்றால் ஊனமுற்றோருக்கான பேயில் ப்ளூ பேட்ஜ் இல்லாமல் நிறுத்தியது. 70களிலும் 80களிலும் வருபவை கார் பார்க் குற்றங்கள். லண்டனுக்கு வெளியே பெரும்பாலான கவுன்சில்களில் கனமானவற்றுக்கு 70 பவுண்டு, லேசானவற்றுக்கு 50. நீங்கள் 50 என்று சொல்வதால் உங்களுடையது 11 அல்லது 06 ஆக இருக்க வேண்டும், பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். நீங்கள் எழுதும் ஒவ்வொரு வரியும் அந்தக் குறியீடு சொல்லும் குற்றத்துக்குப் பதிலாக இருக்க வேண்டும். குறியீடு 11க்கு ‘ஐந்து நிமிடம்தான் தாமதம்’ என்று எழுதினால் படிப்பவருக்கு அதில் பிடிக்க ஒன்றும் இருக்காது.

இப்போது பாதிச் சலுகை. கண்ணாடியில் ஒட்டிய டிக்கெட்டுக்கு 14 நாள், ஒட்டிய நாளையும் சேர்த்து. முதல் தேதி ஒட்டினால் 14ஆம் தேதி கடைசி, 15 இல்லை. அந்த 14 நாளுக்குள் நீங்கள் ஆட்சேபம் எழுதி, கவுன்சில் அதை நிராகரித்தால், பாதித் தொகையை மறுபடி 14 நாளுக்கு வழங்குவதைப் பரிசீலிக்க வேண்டும் என்று அரசின் வழிகாட்டுதல் பரிந்துரைக்கிறது. பெரும்பாலான கவுன்சில்கள் அப்படியே செய்கின்றன. ஆனால் அது பரிந்துரை, சட்டக் கட்டாயம் இல்லை. அதனால் உங்கள் கவுன்சிலின் இணையதளத்தில் ‘சேலஞ்ச்’ பக்கத்தைத் திறந்து, ‘14 நாளுக்குள் எழுதினால் சலுகை நிறுத்திவைக்கப்படும்’ என்ற வாசகம் இருக்கிறதா பாருங்கள். டிக்கெட்டின் பின்பக்கத்திலேயே பல கவுன்சில்கள் இதை அச்சிட்டிருக்கும். இருந்தால் இந்தக் கட்டத்தில் எழுதிப் பார்ப்பதில் நீங்கள் இழப்பது ஒன்றுமில்லை. ஒன்று மட்டும் கவனம்: ‘முதலில் கட்டிவிடுவோம், பிறகு வாதாடித் திருப்பி வாங்கலாம்’ என்று நினைக்காதீர்கள். கட்டினால் வழக்கு முடிந்துவிடும். கவுன்சில் டிக்கெட்டில் கட்டிய பிறகு மேல்முறையீட்டுக்கு வழி இல்லை.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். சட்டப்படி பார்த்தால் உங்கள் நிலை நடுவில் இருக்கிறது. அந்த பேயில் நின்ற வாகனத்துக்குக் கட்டணம் கட்டப்பட வேண்டும் என்பதுதான் வழக்கமான டிராஃபிக் ஆர்டரின் (அந்தத் தெருவின் பார்க்கிங் விதிகளை வகுக்கும் கவுன்சிலின் சட்ட ஆணை) வாசகம். நின்ற காருக்குப் பணம் வரவில்லை, ஆகவே குற்றம் நடந்தது என்று கவுன்சில் சொல்லலாம். அதே சமயம் ‘கட்டணம் கட்டவில்லை’ என்பதுதான் குற்றச்சாட்டு என்றால், அந்த இடத்துக்கு, அந்த நேரத்துக்கு, முழுக் கட்டணமும் போய்ச் சேர்ந்திருக்கிறது என்பது உங்கள் பதில். இது மேல்முறையீட்டு மன்றமான ட்ரிப்யூனலில் இரண்டு விதமாகவும் முடியலாம். ஆர்டரின் வாசகத்தைப் பொறுத்தது, தவிர அங்கே தீர்ப்புச் சொல்லும் ஒரு அட்ஜுடிகேட்டரின் தீர்ப்பு இன்னொருவரைக் கட்டுப்படுத்தாது. அதனால் சட்ட வாதத்தை மட்டும் நம்பி இறங்க வேண்டாம். உங்களுக்குப் பலம் வேறு இடத்தில் இருக்கிறது. டிக்கெட்டை ரத்து செய்யும் விருப்ப அதிகாரம் கவுன்சிலுக்கு எப்போதும் உண்டு. கார் எண்ணைத் தவறாகத் தட்டியவருக்கு, பணம் கட்டியது நிரூபணமானால், முதல் முறை ரத்து செய்வதைப் பல கவுன்சில்கள் தங்கள் கொள்கையாகவே எழுதி வெளியிட்டிருக்கின்றன. ‘என்ஃபோர்ஸ்மென்ட் பாலிசி’ அல்லது ‘கேன்சலேஷன் பாலிசி’ என்று உங்கள் கவுன்சிலின் பெயரோடு சேர்த்துத் தேடுங்கள். கிடைத்தால் அந்தப் பத்தியின் எண்ணைக் குறிப்பிட்டு எழுதுங்கள். பத்துப் பக்க வாதத்தைவிட அந்த ஒரு எண்ணுக்கு மதிப்பு அதிகம்.

சேர்க்க வேண்டிய ஆதாரங்கள்: ஆப்பின் ரசீது, அதில் இடத்தின் குறியீட்டு எண், தொடங்கிய நேரம், முடியும் நேரம், வண்டி எண் எல்லாம் தெரிய வேண்டும். அதே தொகை போனதைக் காட்டும் வங்கிக் கணக்கு வரி, மற்ற வரிகளை மறைத்துவிடலாம். பழைய கார் உங்களுடையதாக இருந்து விற்கப்பட்டது என்பதற்கு டிவிஎல்ஏ (வாகனங்களையும் லைசென்ஸ்களையும் பதிவு செய்யும் அரசு அலுவலகம்) அனுப்பிய கடிதம் அல்லது மின்னஞ்சல், புதிய காரின் பதிவு ஆவணமான வி5சி லாக் புக்கில் உங்கள் பெயர் உள்ள பக்கம். இந்தக் கடைசி இரண்டையும் பலர் விட்டுவிடுகிறார்கள். அவை இல்லாவிட்டால், வேறு யாரோ தங்கள் காருக்குக் கட்டிய ரசீதை நீங்கள் கடன் வாங்கிக் காட்டுகிறீர்களோ என்ற சந்தேகத்துக்கு இடம் இருக்கும். கூடவே டிக்கெட் எண்ணையும் கார் எண்ணையும் கவுன்சில் தளத்தில் தட்டி, டிக்கெட் போட்ட வார்டன் எடுத்த படங்களை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். எந்த பே, எத்தனை மணி, எந்தப் பலகை என்பதெல்லாம் அதில் இருக்கும்.

கடிதம் அரைப் பக்கம் போதும். முதல் வரியில் டிக்கெட் எண், கார் எண், தேதி. இரண்டாவது பத்தியில், இந்த இடத்துக்கு இத்தனை மணியிலிருந்து இத்தனை மணிவரை இவ்வளவு பணம் கட்டியிருக்கிறேன், ரசீது இணைப்பு 1, வங்கி வரி இணைப்பு 2. மூன்றாவதில், தவறுதலாகப் பழைய எண் தேர்வாகிவிட்டது, அந்தக் கார் இன்ன தேதியில் விற்கப்பட்டது, இணைப்பு 3. நான்காவதில், கவுன்சிலுக்கு வர வேண்டிய கட்டணம் முழுதாக வந்திருப்பதால் கட்டணம் கட்டவில்லை என்ற குற்றம் நடக்கவில்லை. அப்படி நீங்கள் ஏற்காவிட்டாலும் விருப்ப அதிகாரத்தைப் பயன்படுத்தி ரத்து செய்யக் கோருகிறேன். இந்த இரண்டு கோரிக்கைகளும் இதே வரிசையில் இருக்கட்டும். மன்னிப்பை முதலில் எழுதி, குற்றத்தை முழுசாக ஒத்துக்கொண்டுவிட்டு, கடைசியில் ‘குற்றம் நடக்கவில்லை’ என்று எழுதினால் முன்னால் எழுதியதே பின்னால் எழுதியதை அடித்துவிடும். முடிந்தவரை கவுன்சிலின் இணையப் படிவத்திலேயே அனுப்பி, ஒப்புகை எண் வரும் திரையைப் படம் எடுத்து வையுங்கள்.

இதே கேள்வியோடு வரும் மற்றவர்களுக்காக, உண்மையிலேயே ஜெயிக்கிற சில நிலைமைகளைச் சொல்கிறேன். கட்டணம் கட்டிய பேயிலோ, இத்தனை நேரம் இலவசம் என்ற பேயிலோ, நேரம் முடிந்து 10 நிமிடம்வரை கவுன்சில் டிக்கெட் போட முடியாது. 2015 முதல் இது சட்டம், விருப்பம் இல்லை. 4.10க்கு முடிந்து 4.17க்கு டிக்கெட் என்றால் அது செல்லாது. ஆனால் அந்த 10 நிமிடம் மஞ்சள் கோட்டுக்குக் கிடையாது, அனுமதியே இல்லாமல் நிறுத்திய இடத்துக்கும் கிடையாது. இரட்டை மஞ்சள் கோட்டுக்குப் பக்கத்தில் நேரம் சொல்லும் பலகை தேவையில்லை, அது எந்நேரமும் தடை. ஒற்றை மஞ்சள் கோட்டுக்கு நேரம் சொல்லும் பலகை வேண்டும். ஆனால் அந்தத் தெரு ‘கன்ட்ரோல்டு பார்க்கிங் ஸோன்’ (ஒரே தடை நேரம் முழுதும் பொருந்தும் பகுதி) உள்ளே இருந்தால், நீங்கள் நுழைந்த சாலையின் வாயிலில் இருக்கும் பெரிய பலகையே போதும். ‘பலகையே இல்லை’ என்று எழுதியவர்கள் தோற்பது பெரும்பாலும் இங்கேதான். எழுதும் முன்பு ஸோனின் எல்லைவரை நடந்துபோய்ப் பாருங்கள். அந்த நுழைவுப் பலகை திரும்பியிருந்தாலோ, மரக்கிளை மறைத்திருந்தாலோ அதுவே உங்கள் வழக்கு. பலகையில் கிழமை எதுவும் போடாமல் நேரம் மட்டும் இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்கும் சேர்த்துத்தான். வங்கி விடுமுறை நாளுக்கும் விலக்கு தானாக வராது, பலகையில் எழுதியிருந்தால்தான்.

மஞ்சள் கோட்டில் சாமான் ஏற்றி இறக்குவதற்கு, நடைபாதை விளிம்பில் குறுக்காக மஞ்சள் கீறல்கள் இல்லாத இடங்களில், பொதுவாக விலக்கு உண்டு. கீறல் இருந்தால் ஏற்றி இறக்கவும் தடை, பக்கத்தில் அதற்கான நேரப் பலகையும் இருக்கும். விலக்கு கேட்பவர் அந்த நேரம் முழுக்க அந்த வேலைதான் நடந்தது என்று காட்ட வேண்டும். கடை ரசீது, டெலிவரி நோட், தூக்க முடியாத கனம், எத்தனை நடை என்பதெல்லாம் உதவும். இரண்டு பை மளிகை வாங்கப் போனது லோடிங் ஆகாது. ஆளை ஏற்றி இறக்க நிறுத்துவதும் சரிதான், ஆனால் ஆள் வரும்வரை காத்திருப்பது அதில் சேராது. டிக்கெட்டில் வார்டன் எத்தனை மணியிலிருந்து எத்தனை மணிவரை கவனித்தார் என்று இரண்டு நேரங்கள் இருக்கும். இரண்டும் ஒரே நிமிடம் என்றால், நீங்கள் மெஷினில் டிக்கெட் எடுக்கப் போயிருந்தீர்கள் என்ற வாதத்துக்கு வலு கூடும்.

கோடு மங்கிப் போயிருந்தது என்ற வாதத்தை அளவோடு வையுங்கள். ஒரு ஓட்டுநருக்குத் தடை புரிகிற அளவுக்குக் கோடும் பலகையும் இருந்தால் போதும் என்பதே அட்ஜுடிகேட்டர்களின் பொதுவான பார்வை. கோட்டின் முனையில் போட வேண்டிய குறுக்குக் கோடு இல்லை, நடுவில் ஒரு அடிக்கு உதிர்ந்திருக்கிறது என்பதெல்லாம் தனியாக ஜெயிக்காது. கார் நின்ற இடத்தில் கோடே தெரியவில்லை என்றால் ஜெயிக்கும். அதற்குப் படம் அன்றே எடுத்திருக்க வேண்டும். கண்ணாடியில் கவரைப் பார்த்த அந்த நிமிடமே, காரை நகர்த்தும் முன்பு எடுத்துவிடுங்கள். தூரத்திலிருந்து தெருவோடு சேர்த்து ஒன்று, சக்கரமும் கோடும் சேர்ந்து ஒன்று, பலகை வாசிக்கும்படி ஒன்று, காரிலிருந்து பலகைவரை எவ்வளவு தூரம் என்று தெரியும்படி ஒன்று. வெறும் பலகையின் க்ளோஸ்-அப் மட்டும் அனுப்பினால் அது எந்தத் தெருவின் பலகை என்றே யாருக்கும் தெரியாது. பத்து நாள் கழித்துப் போனால் கோட்டைப் புதிதாகப் பூசியிருக்கலாம், மரத்தை வெட்டியிருக்கலாம்.

எழுதி நேரத்தை வீணாக்க வேண்டாத வாதங்களும் உண்டு. ‘மற்ற கார்களும் நின்றன’, ‘யாருக்கும் இடைஞ்சல் இல்லை’, ‘ஊருக்குப் புதுசு’, ‘இரண்டு நிமிடம்தான்’ — இவை எதுவும் குறியீடு சொல்லும் குற்றத்தை மறுக்கவில்லை. டிக்கெட்டில் காரின் நிறம் தவறு என்றால் டிக்கெட் செல்லாது என்பதும் தப்பான நம்பிக்கை, நிறம் அதில் இருக்க வேண்டிய விவரமே இல்லை. கார் எண், தெரு, தேதி, நேரம், கவுன்சிலின் பெயர், தொகை, காலக்கெடு ஆகியவற்றில் தவறோ விடுபடலோ இருந்தால் அது பேசத் தகுந்தது. உடம்பு முடியாமல் போனது, கார் நின்றுபோனது போன்றவை கருணைக் காரணங்கள். கேரேஜ் பில், ரெக்கவரி வண்டியின் ரசீது, மருத்துவமனைக் கடிதம் இருந்தால் கவுன்சில்கள் காது கொடுக்கின்றன. காகிதம் இல்லாமல் எழுதினால் அநேகமாக நிராகரிப்புத்தான்.

முதல் கடிதம் நிராகரிக்கப்பட்டால் முடிவு அங்கேதான் எடுக்க வேண்டும். பாதித் தொகை மறுபடி கிடைத்து, உங்கள் ஆதாரத்தில் ஓட்டை இருப்பதை அவர்கள் சரியாகச் சுட்டிக்காட்டியிருந்தால், 25ஐக் கட்டிவிட்டு வேலையைப் பாருங்கள். அதில் அவமானம் இல்லை. ஆனால் நிராகரிப்புக் கடிதம் உங்கள் ஆதாரத்தைத் தொடவே இல்லை, பொதுவான நாலு வரிதான் என்றால், தொடர்ந்து போவதற்கு அதுவே காரணம். சாதாரணமாக முதல் கட்டப் பதில்கள் ஆயத்தப் பத்திகளை ஒட்டி எழுதப்படுபவை. தொடர்ந்தால் பணயம் வைப்பது 25க்கும் 50க்கும் இடையிலான 25 பவுண்டு. ஒழுங்காகத் தேதிக்குள் பதில் கொடுத்துக்கொண்டே போகும்வரை 50க்கு மேல் ஏறாது.

நிராகரித்த பிறகு அதே கவுன்சிலுக்கு மறுபடி மறுபடி எழுதாதீர்கள். டிக்கெட் தேதியிலிருந்து 28 நாள் பணம் கட்டாமல் போனால், காரின் பதிவுபெற்ற கீப்பருக்கு (லாக் புக்கில் பெயர் உள்ளவருக்கு) ‘நோட்டீஸ் டு ஓனர்’ என்ற காகிதம் தபாலில் வரும். அதற்காகத்தான் காத்திருக்க வேண்டும். சட்டப்படியான உரிமைகள் முழுதாகத் தொடங்குவது அதிலிருந்துதான். இங்கே புதிதாகக் குடிவந்தவர்கள் சிக்குவது ஒரு இடத்தில்: அந்தக் காகிதம் டிவிஎல்ஏயில் இருக்கும் முகவரிக்குப் போகும். வீடு மாறியதும் லைசென்ஸில் முகவரியை மாற்றிவிட்டு, லாக் புக்கில் மாற்ற மறந்திருப்பார்கள். இரண்டும் தனித்தனி. ஒன்றை மாற்றினால் மற்றது மாறாது. இரண்டுமே இலவசம், இணையத்திலேயே செய்யலாம். இன்றைக்கே பார்த்துவிடுங்கள். காகிதம் பழைய வீட்டுக்குப் போய், மூன்று மாதம் கழித்து ஜப்தி ஏஜென்ட் வாசலில் நிற்கும் கதைகளில் முக்கால்வாசி இப்படி ஆரம்பித்தவைதான். கார் வாடகைக்கு அல்லது லீஸுக்கு எடுத்தது என்றால் காகிதம் அந்தக் கம்பெனிக்குப் போகும். அவர்கள் கட்டிவிட்டு உங்கள் கார்டிலிருந்து எடுத்துக்கொண்டால் வாதாட ஒன்றும் மிஞ்சாது. டிக்கெட் வந்த அன்றே அவர்களுக்கு எழுதிச் சொல்லிவிடுங்கள்.

நோட்டீஸ் டு ஓனர் கிடைத்ததிலிருந்து 28 நாளுக்குள் முறையான ஆட்சேபம் கொடுக்க வேண்டும். அதில் காரணங்களின் பட்டியல் இருக்கும். குற்றம் நடக்கவில்லை, கேட்கும் தொகை சட்டம் அனுமதிப்பதைவிட அதிகம், கவுன்சில் நடைமுறையில் தவறு செய்தது, அந்தச் சமயத்தில் நான் உரிமையாளர் இல்லை, கார் என் அனுமதியில்லாமல் எடுக்கப்பட்டது, டிராஃபிக் ஆர்டரே செல்லாது, ஏற்கெனவே கட்டிவிட்டேன் போன்றவை. பொருந்துவது எல்லாவற்றிலும் டிக் போடலாம், ஒன்றுதான் என்று இல்லை. பட்டியலுக்கு வெளியே ‘ரத்து செய்யத் தகுந்த அழுத்தமான காரணங்கள்’ என்ற வழியும் உண்டு. கவுன்சில் அதையும் பரிசீலிக்கக் கடமைப்பட்டது. உங்களுக்கு ‘குற்றம் நடக்கவில்லை’, ‘அழுத்தமான காரணங்கள்’ இரண்டும். முதலில் அனுப்பிய இணைப்புகளை மறுபடி இணையுங்கள், ‘முன்பே அனுப்பியிருக்கிறேன்’ என்று விட்டுவிடாதீர்கள். ஆட்சேபம் கிடைத்து 56 நாளுக்குள் கவுன்சில் பதில் அனுப்ப வேண்டும். அனுப்பாவிட்டால் ஆட்சேபத்தை ஏற்றதாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும், டிக்கெட் ரத்து. அனுப்பிய தேதியை நாட்காட்டியில் குறித்து வைக்கச் சொல்வது இதற்காகத்தான். இந்த 56 நாள் முதல் கட்டக் கடிதத்துக்குப் பொருந்தாது என்பதையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

முறையான ஆட்சேபமும் நிராகரிக்கப்பட்டால், ‘நோட்டீஸ் ஆஃப் ரிஜெக்ஷன்’ கடிதத்தோடு டிராஃபிக் பெனால்ட்டி ட்ரிப்யூனலுக்குப் போகும் விவரம் வரும். மறுபடி 28 நாள். கட்டணம் எதுவும் இல்லை, இணையத்தில் எல்லாம் செய்யலாம், வக்கீல் தேவையில்லை. அட்ஜுடிகேட்டர்கள் சட்டம் படித்தவர்கள், கவுன்சிலுக்குக் கட்டுப்பட்டவர்கள் இல்லை. வெறும் காகிதங்களைப் பார்த்து முடிவு செய்யச் சொல்லலாம், போன் அல்லது வீடியோ விசாரணையும் கேட்கலாம். ஆங்கிலத்தில் எழுதுவது சிரமம், பேசினால் புரியவைத்துவிடுவேன் என்பவர்கள் போன் விசாரணை கேளுங்கள். தோற்றால் கவுன்சிலின் செலவு தலையில் விழுமோ என்று பயப்பட வேண்டாம். விளையாட்டுக்காகவோ தொந்தரவு செய்யவோ, முற்றிலும் நியாயமில்லாமலோ நடந்துகொண்டால்தான் செலவு விதிப்பார்கள். கவுன்சில் தன் ஆதாரக் கட்டை அங்கே பதிவேற்ற வேண்டும். வார்டனின் குறிப்புகள், படங்கள், டிராஃபிக் ஆர்டர் எல்லாம் அதில் வரும். அந்த ஆர்டரில் ‘கட்டணம் கட்டுவது’ பற்றிய விதியை வரி வரியாகப் படியுங்கள். வாகன எண்ணைச் சரியாகக் கொடுக்க வேண்டும் என்று அதில் சொல்லியிருக்கிறதா, இல்லையா என்பதில்தான் உங்கள் சட்ட வாதம் நிற்கிறது. ட்ரிப்யூனலுக்கு வந்த பிறகு கவுன்சில் வாதிடாமலே விட்டுவிடும் வழக்குகளும் கணிசமாக உண்டு. அட்ஜுடிகேட்டரின் வரம்பு ஒன்றையும் தெரிந்துகொள்ளுங்கள்: குற்றம் நடந்தது என்று அவர் முடிவுசெய்தால், பரிதாபத்துக்காக மட்டும் ரத்து செய்ய அவரால் முடியாது. அழுத்தமான காரணம் இருப்பதாகப் பட்டால் கவுன்சிலுக்குப் பரிந்துரை செய்து திருப்பி அனுப்பலாம், கவுன்சில் 35 நாளுக்குள் அதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

எதுவுமே செய்யாமல் விட்டால்தான் ஏறும். நோட்டீஸ் டு ஓனருக்குப் பதில் இல்லையென்றால் ‘சார்ஜ் சர்ட்டிஃபிகேட்’ வரும், தொகை பாதி கூடும். உங்கள் 50 அப்போது 75 ஆகும், மற்றவர்களின் 70 என்பது 105. அதற்கும் 14 நாளில் பதில் இல்லையென்றால் நார்தாம்ப்டன் கவுன்ட்டி கோர்ட்டில் உள்ள டிராஃபிக் என்ஃபோர்ஸ்மென்ட் சென்டரில் கடனாகப் பதிவாகும், பிறகு ஜப்தி ஏஜென்ட், அவர்களின் கட்டணம் தனியாகச் சில நூறு பவுண்டு. நோட்டீஸே கிடைக்காமல் இந்தக் கட்டத்துக்கு வந்துவிட்டவர்களுக்கு டிஇ9 என்ற சாட்சிப் படிவம் உண்டு. அந்தப் படிவத்துக்கான 21 நாள் கெடுவும் கடந்துவிட்டால் தாமதத்துக்கான காரணத்தைச் சொல்லும் டிஇ7ஐயும் சேர்த்து அனுப்ப வேண்டும். அது ஏற்கப்பட்டால் கூடுதல் தொகைகள் போகும், ஆனால் மூல டிக்கெட் போகாது. கவுன்சில் நோட்டீஸிலிருந்து மறுபடி தொடங்கலாம். அதில் பொய்யாக எழுதினால் கோர்ட் அவமதிப்பு, அதனால் ‘கிடைக்கவில்லை’ என்பது உண்மையாக இருந்தால் மட்டும் எழுதுங்கள்.

தனியார் கம்பெனியின் டிக்கெட் என்றால் சுருக்கமாக இவ்வளவு. அது அபராதம் இல்லை, ஒப்பந்தத்தை மீறியதற்கான கட்டணக் கோரிக்கை. முதலில் கம்பெனியிடமே அப்பீல், பிறகு அது எந்தச் சங்கத்தில் உறுப்பினரோ அதைப் பொறுத்து பாப்லா அல்லது ஐஏஎஸ் என்ற மேல்முறையீட்டு அமைப்பு. கேமராவை வைத்துத் தபாலில் மட்டும் நோட்டீஸ் அனுப்புபவர்கள், ஓட்டியவர் யார் என்று தெரியாமல் கீப்பரிடம் வசூலிக்க வேண்டுமென்றால், சம்பவம் நடந்து 14 நாளுக்குள் நோட்டீஸ் வந்து சேர வேண்டும். 2012ஆம் ஆண்டுச் சட்டம் அது. அதனால் முதல் கடிதத்தில் ‘நான் நிறுத்தினேன்’ என்று அவசரப்பட்டு எழுத வேண்டாம், ‘இந்தக் காரின் கீப்பர்’ என்று எழுதினால் போதும். சூப்பர் மார்க்கெட் இடம் என்றால் பில்லோடு கடை மேனேஜரைப் பாருங்கள், அவர் ஒரு மின்னஞ்சலில் ரத்து செய்ய வைக்கலாம். கோர்ட் கிளைம் படிவம் வந்தால் மட்டும் ஒருபோதும் ஒதுக்கி வைக்காதீர்கள். பதில் கொடுக்காவிட்டால் எதிர்த்தரப்பு கேட்டபடியே தீர்ப்பாகி, கவுன்ட்டி கோர்ட் ஜட்ஜ்மென்ட்டாகப் பதிவேட்டில் ஏறும்.

விசா பற்றி. கவுன்சில் டிக்கெட் சிவில் அபராதம், கிரிமினல் தண்டனை இல்லை. லைசென்ஸில் பாயின்ட் ஏறாது. நார்தாம்ப்டனில் பதிவானாலும் அது கிரெடிட் ஃபைலில் வரும் சாதாரணக் கோர்ட் தீர்ப்புப் போன்றது இல்லை. எதிர்த்து எழுதியதும் ட்ரிப்யூனலுக்குப் போனதும் எந்தப் பதிவிலும் உங்களுக்கு எதிராக நிற்காது, அது உங்கள் உரிமை. தனியார் கம்பெனி வழக்குப் போட்டு வாங்கும் கவுன்ட்டி கோர்ட் தீர்ப்பு வேறு ரகம். கடனைக் கட்டாததற்கான கோர்ட் தீர்ப்பு இருக்கிறதா என்று விசாப் படிவங்கள் நேரடியாகவே கேட்கின்றன. தீர்ப்பான ஒரு மாதத்துக்குள் முழுத் தொகையையும் கட்டினால் பதிவேட்டிலிருந்து நீக்கிக்கொள்ளலாம். இதற்கு மேல் உங்கள் விண்ணப்பத்துக்கு எது பொருந்தும் என்று சொல்ல நான் தகுதி பெற்றவன் இல்லை. இங்கே குடியேற்ற ஆலோசனை சொல்ல அரசின் அங்கீகாரம் வேண்டும், அதனால் அந்தக் கேள்வியை அங்கீகாரம் உள்ள ஆலோசகரிடம் கேளுங்கள்.

உங்கள் டிக்கெட் ஒட்டப்பட்டு எட்டு நாள் ஆகிறது என்கிறீர்கள், அப்படியானால் கையில் இன்னும் ஐந்தாறு நாள் இருக்கிறது. இன்றிரவு ஆப் ரசீதையும் வங்கி வரியையும் எடுத்துவிட்டு, நாளைக்கே கவுன்சில் படிவத்தில் போட்டுவிடுங்கள். கடைசி நாள்வரை வைத்திருந்தால் தளம் திறக்காத நாளாக அது அமையலாம். ஆப்பில் ‘வாகனங்கள்’ பகுதிக்குப் போய்ப் பழைய எண்ணை நீக்கிவிடுங்கள், புதியதை இயல்பாகத் தேர்வாகும்படி வைத்துவிடுங்கள். நீக்கும் முன்பு, பழைய எண் தெரியும்படி அந்தத் திரையை ஒரு ஸ்க்ரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள், அதுவும் இணைப்பில் போகட்டும்.